ஐரிஷ் மொழியின் ‘மோர்’: பிறப்பும் வடிவங்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மோர் என்றால் என்ன பொருள்? எப்படி உச்சரிப்பது?

ஐரிஷ் மொழியில் ‘பெரிய’ என்று சொல்ல மோர் என்பார்கள். அளவில் பெரியது, மதிப்பில் உயர்ந்தது, மிகுதியானது எல்லாவற்றுக்கும் இந்த ஒரே பெயரடைதான். ரோமன் எழுத்தில் எம், ஓ, ஆர் என மூன்றே எழுத்து. ஓ-வின் தலைக்கு மேல் ஒரு சாய்கோடு இருக்கும். அதற்கு ஃபாடா என்று பெயர். உயிரெழுத்து நெடில் என்பதற்கான அடையாளம் அது. விட்டுவிட்டால் எழுத்துப்பிழை.

பெரும்பாலான இடங்களில் தமிழ் ‘மோ’வின் நெடிலோடு ஒலிக்கும். கால்வே மாவட்டத்துக் கான்னமாராப் பக்கம் ‘மூர்’ என்றும் கேட்கலாம். மூக்கொலிக்கு அருகில் வரும் ஓகாரம் அங்கே ஊகாரமாகச் சாய்கிறது.

இந்தப் பக்கத்தை வாசிக்க ஒரு குறிப்பு தேவை. எம் எழுத்துக்குப் பின்னால் ஹெச் சேர்த்து எழுதினால் ஒலி மாறிவிடும். வடக்கிலும் மேற்கிலும் ஆங்கில டபிள்யூ போலவும், தெற்கே மன்ஸ்டரில் வி போலவும் கேட்கும். தமிழில் இரண்டையும் ‘வ’ என்றே எழுதியிருக்கிறேன். ஆக, இனி ‘வோர்’ என்று வரும் இடமெல்லாம் அதே மோர்தான், தலையெழுத்து மட்டும் மென்மையானது.

நம் ஊர் மோரோடு தொடர்பு உண்டா?

இல்லை. ஒலி ஒற்றுமை தற்செயலானது.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

பழைய ஐரிஷில், அதாவது ஏறத்தாழ 7 முதல் 9ஆம் நூற்றாண்டு வரையிலான மொழியில், ‘மார்’ என்றும் ‘மோர்’ என்றும் இரண்டு வடிவங்கள் அக்கம்பக்கமாக வழங்கின. மார்தான் பழையது. பிற்காலத்தில் மோர் வென்றது.

அதற்கும் முன்னால் போனால், கெல்டிக் மொழிகளுக்கெல்லாம் பொதுத் தாயான மொழியில் ‘மாரொஸ்’ என்ற வடிவம் இருந்திருக்க வேண்டும் என்று மொழியியலாளர்கள் மீட்டுருவாக்குகிறார்கள். இது வெறும் ஊகம் அல்ல. உடன்பிறந்த மொழிகள் எல்லாவற்றிலும் சாட்சி கிடைக்கிறது: வேல்ஸ் மொழியில் மவ்ர், பிரெட்டனிலும் கார்னிஷிலும் மேர், ஸ்காட்லாந்து கேலிக்கில் மோர், மேங்ஸ் மொழியில் மூர்.

இவற்றை எல்லாம் விட எனக்குப் பிடித்த சாட்சி பிரான்சில் இருக்கிறது. ஐரோப்பியக் கண்டத்தில் கால் (Gaul) எனப்படும் மக்கள் பேசிய கெல்டிக் மொழி அழிந்துவிட்டது. ஆனால் அவர்களுடைய ஆட்பெயர்கள் பிழைத்தன. தெற்கு பிரான்சின் வேசோன்-லா-ரோமேன் ஊரில் கிடைத்த கல்வெட்டு ஒன்று, கிரேக்க எழுத்தில் கால் மொழியைப் பொறித்திருக்கிறது. வில்லோனொஸின் மகனும் நீம் நகரத்தவனுமான ‘செகொமாரொஸ்’ என்பவன் பெலெசாமா என்ற தெய்வத்துக்குப் புனிதத் தோப்பு ஒன்றை அர்ப்பணித்ததைச் சொல்லும் கல் அது. ‘செகொ’ என்றால் வெற்றி அல்லது வலிமை. ‘மாரொஸ்’ நம் சொல். வெற்றியால் பெரியவன் என்று பொருள் கொள்ளலாம். மீட்டுருவாக்கத்தில் மட்டும் இருக்கும் என்று நினைத்த முழு வடிவம், ஈறு உட்பட, கல்லில் வெட்டப்பட்டு நிற்கிறது.

ஜூலியஸ் சீசரை எதிர்த்து நின்று கி.மு. 53இல் கொல்லப்பட்ட ட்ரெவெரி குலத் தலைவன் இந்துதியோமாருஸ், கி.மு. 222இல் கிளாஸ்டிடியம் போரில் ரோமத் தளபதி மார்செல்லுஸின் கையால் இறந்த விரிதோமாருஸ் ஆகியோரின் பெயர்களின் பின்பகுதியும் இதே சொல்தான். ‘உஸ்’ என்பது லத்தீன் ஈறு.

கெல்டிக்குக்கு வெளியே, ஜெர்மானிய மொழிகளில் இதன் உறவுச்சொல் ‘புகழ்பெற்ற’ என்ற பொருளுக்குப் போய்விட்டது. பழைய ஆங்கிலத்தில் மேரே என்றால் புகழ்வாய்ந்த என்று பொருள். ஜெர்மன் மொழியில் தேவதைக் கதையைக் குறிக்கும் ‘மெர்ஷென்’ அந்தக் குடும்பத்தில் பிறந்ததே; ஊரறிந்த செய்தி என்பதிலிருந்து கதை என்றானது.

சமஸ்கிருத ‘மகா’, லத்தீன் ‘மாக்னுஸ்’ இவற்றோடு சேர்ந்ததா?

பொருள் ஒன்று, முதலெழுத்தும் ஒன்று என்பதால் பலர் அப்படி நினைக்கிறார்கள். ஆனால் வேர் வேறு. மகா, மாக்னுஸ், கிரேக்க மெகாஸ் மூன்றும் ககர ஒலி உள்ள வேரிலிருந்து வந்தவை. அந்த வேரும் அயர்லாந்துக்கு வந்திருக்கிறது: பழைய ஐரிஷில் இளவரசனைக் குறிக்கும் ‘மால்’ என்ற சொல் அதிலிருந்துதான் பிறந்தது. மோர் பிறந்தது ககரம் இல்லாத வேறொரு வேரில்.

ஆங்கில ‘மோர்’ (அதிகம்) இதுதானா?

கடன் வாங்கிய சொல் அல்ல. ஆங்கிலச் சொல்லுக்கு அதன் சொந்த ஜெர்மானிய வழி இருக்கிறது. தொலைதூரத்தில் இரண்டும் ஒரே வேரில் சேர்கின்றன என்று பல சொற்பிறப்பு அகராதிகள் கொள்கின்றன. அப்படியே கொண்டாலும், ஆங்கிலச் சொல் ஒப்பீட்டு வடிவம். ஐரிஷ் மோர் ஒப்பீடு இல்லாத அடிவடிவம். ஆங்கிலத்துக்கு இணையாக வைக்க வேண்டியது, கீழே வரப்போகும் ‘மோ’வைத்தான்.

தமிழில் ‘பெரிய’ மாறுவதே இல்லை. இது ஏன் இத்தனை வேடம் போடுகிறது?

இந்தப் பக்கத்தின் முக்கியமான கேள்வி இது, பொறுமையாகப் பார்ப்போம்.

ஐரிஷில் பெயர் முதலில் வரும், பெயரடை பின்னால் வரும். மனிதன், அதாவது ஆண், ‘ஃபர்’. பெரிய மனிதன் ‘ஃபர் மோர்’. பெண் ‘பான்’. பெரிய பெண் ‘பான் வோர்’. பெண்பால் பெயருக்குப் பின்னால் மகரம் மென்மையாகிறது. இதற்கு ஐரிஷில் ‘ஷேவ்யூ’ என்று பெயர். மென்மையாக்கல் என்று பொருள். பள்ளிப் புத்தகம் இதை விதியாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். காரணம் தெரிந்துகொண்டால் பாதிச் சுமை குறையும் என்பது என் உறுதியான எண்ணம்.

பழங்காலத்தில் இந்தச் சொற்களுக்கு ஈறுகள் இருந்தன. ஆண் ‘விரொஸ்’, பெண் ‘பெனா’. ‘விரொஸ் மாரொஸ்’ என்னும்போது மகரத்துக்கு முன்னால் ஸகரம் காவல் நின்றது, மகரம் கெடவில்லை. ‘பெனா மாரா’ என்னும்போது மகரம் இரண்டு உயிர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. உதடு முழுதாக மூடாமல், வகரத்தின் பக்கம் நெகிழ்ந்தது. பிறகு 5, 6ஆம் நூற்றாண்டு வாக்கில் கடைசி அசைகள் உதிர்ந்தன. ஸகரமும் போனது, ஆகாரமும் போனது. ஆனால் அவை அடுத்த சொல்லின் தலையில் விட்டுப்போன தடம் அழியவில்லை. ஈறு செய்த வேலையை அந்தத் தடம் ஏற்றுக்கொண்டது. ‘அந்த’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘அந்தப் பையன்’ என ஒற்று மிகுவது நமக்குப் பழக்கம். முன்னால் நிற்கும் சொல் பின்னால் வரும் சொல்லின் தலையைத் தொடுகிறது. ஐரிஷில் தொடும் பகுதி மறைந்துபோய், தொட்ட அடையாளம் மட்டும் இலக்கணமாகிவிட்டது.

உதிர்ந்த ஈறுகள் இருந்தன என்பதற்குக் கல்லே சாட்சி. 4 முதல் 7ஆம் நூற்றாண்டு வரை அயர்லாந்தில் நட்ட ஓகம் கற்களில் ‘இன்னாருடைய மகனுடைய’ என்று குறிக்க ‘மக்வி’ என்று பொறித்தார்கள். ஆறாம் வேற்றுமையின் இகரம் அதில் கண்ணுக்குத் தெரிகிறது. இன்று அதே சொல் ‘மிக்’. இகரம் ஈற்றிலிருந்து போய்விட்டது, சொல்லின் உள்ளே புகுந்து உயிரை மாற்றிவிட்டது.

அப்படியானால் எல்லா வடிவங்களையும் இந்தக் கண்ணோடு பார்க்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஆண்பாலில் ஆறாம் வேற்றுமை: ‘அன் இர் வோய்ர்’, பெரிய மனிதனுடைய. (பெயருக்கு முன்னால் வரும் ‘அன்’, ‘ன’ இரண்டும் ஆங்கில ‘the’ போன்ற சொற்கள். ‘ஃபர்’ இங்கே ‘இர்’ ஆகிறது; மென்மையான ஃபகரம் ஒலிக்காது.) பழைய ஈறு ஈகாரம் என்பதால் அடுத்த மகரம் மென்மையானது. மோரின் சொந்த ஈறும் இகரம் என்பதால் அதன் ரகரம் மெலிந்து (இகர, எகரச் சாயலோடு ஒலிக்கும் மெய்யை ‘மெலிந்த மெய்’ என்பார்கள்), எழுத்தில் ஓ-வுக்கும் ஆருக்கும் நடுவே ஓர் ஐ நுழைந்தது. விளியிலும் அதே வடிவம்: ‘அ இர் வோய்ர்’, பெரிய மனிதரே.

பெண்பாலில் ஆறாம் வேற்றுமை: ‘ன ம்னா மோய்ரெ’. இங்கே மகரம் மென்மையாகவில்லை, கவனியுங்கள். பழைய ஈறு ‘ஆஸ்’. ஸகரம் மறுபடியும் காவல். கடைசியில் வரும் எகரம் பெண்பால் ஈற்றின் மிச்சம்.

பன்மையில் ‘மோரா’. ஆனால் பெரிய மனிதர்கள் என்றால் ‘ஃபிர் வோரா’, பெரிய பெண்கள் என்றால் ‘ம்னா மோரா’. பெயரின் பன்மை மெலிந்த மெய்யில் முடிந்தால் மட்டும் மென்மையாக்கல் வரும் என்பது இன்றைய விதி. ‘ஃபிர்’ பழங்காலத்தில் ஈகாரத்தில் முடிந்த சொல், அதனால்தான். பழைய ஐரிஷில் ஆண்பால் பன்மை ‘மோய்ர்’ என்றே இருந்தது. பிற்பாடு ‘மோரா’ எல்லாப் பாலுக்கும் பொதுவானது. ஈறு மாறிய பிறகும் தலையில் இருந்த மென்மை அப்படியே தங்கிவிட்டது.

பன்மையில் ஆறாம் வேற்றுமை: ‘ன வர் மோர்’ (பெரிய மனிதர்களுடைய), ‘ன மன் மோர்’ (பெரிய பெண்களுடைய). இங்கே பெயரின் தலையில் ‘உரூ’ எனப்படும் மறைப்பு மாற்றம் (முதல் மெய்யை வேறொரு மெய் மறைப்பது) நடக்கிறது, பழைய மூக்கொலி ஈற்றின் வேலை. மகரம் ஏற்கெனவே மூக்கொலி என்பதால் மோர் அசையாமல் நிற்கும். ஆறாம் வேற்றுமையிலும் வடிவம் மாறாத வலுவான பன்மைப் பெயர்களோடு மட்டும் ‘மோரா’ வரும்: ‘ன மூஹலீ மோரா’, பெரிய பையன்களுடைய.

பயனிலையாக வந்தாலும் மாறுமா?

மாறாது. ‘டா அன் டேக் மோர்’: வீடு பெரியது. ‘டா ன டிஹெ மோர்’: வீடுகள் பெரியவை. ஒருமை, பன்மை, ஆண்பால், பெண்பால் எதுவானாலும் வெறும் மோர். பேசப் பழகுபவர்கள் இந்த அமைப்பில் தொடங்கினால் முதல் மாதத்திலேயே பிழையில்லாமல் பேசலாம்.

எண்ணுப்பெயரோடு?

இது கொஞ்சம் விந்தையானது. மூன்று பெரிய படகுகள் ‘ட்ரீ வாட் வோரா’. படகு ஒருமையில் நிற்கிறது, பெயரடை பன்மைக்குப் போகிறது, அதுவும் மென்மையாகி. இரண்டிலிருந்து பத்தொன்பது வரை இதே கதை. இதற்குப் பழகுவதைத் தவிர வழியில்லை.

‘இன்னும் பெரிய’, ‘மிகப் பெரிய’ என்பது எப்படி?

ஒப்பீட்டு வடிவம் ‘மோ’. ரகரம் கிடையாது. வேரிலிருந்து நேரே ஒப்பீட்டு ஈறு ஏற்ற பழைய வடிவம் என்பதால் இது மோரிலிருந்து தனித்து நிற்கிறது. வேல்ஸ் மொழியிலும் மவ்ருக்கு ஒப்பீடு ‘முய்’.

‘டா கோர்க்கி நீஸ் மோ நா கால்யிவ்’ என்றால் கார்க் கால்வேயை விடப் பெரியது. ‘அன் கோன்டே இஸ் மோ இன் ஏரின்’ என்றால் அயர்லாந்தின் மிகப் பெரிய மாவட்டம்; அதுவும் கார்க்தான். முன்னால் ‘நீஸ்’ வந்தால் இன்னும் பெரிய, ‘இஸ்’ வந்தால் மிகப் பெரிய. பழைய ஐரிஷில் ‘மாவம்’ என்று தனி உச்சவடிவம் இருந்தது. அது வழக்கொழிந்து, ஒப்பீட்டு வடிவமே இரண்டு வேலையையும் பார்க்கிறது.

‘நீஸ்’ உண்மையில் இரண்டு சொற்கள் ஒட்டியது: ‘எது ஒன்று இருக்கிறதோ அது’ என்பது போல. உள்ளே நிகழ்கால வினை ஒளிந்திருப்பதால், இறந்தகாலத்தில் பேசும்போது கவனமாக எழுதுபவர்கள் ‘நீ ப வோ’ என்று மாற்றுவார்கள். மோவும் அங்கே மென்மையாகிறது. எதிர்மறையில் ‘நீஸ் மோ’ வந்தால் ‘இனிமேல் இல்லை’ என்ற பொருளும் உண்டு. மன்ஸ்டரில் ‘அன் மோ தினெ?’ என்றால் ‘எத்தனை பேர்?’ என்று அர்த்தம். மற்ற வட்டாரங்களில் ‘கே வேட்’ என்பார்கள்.

ஊர்ப்பெயர்களில் வரும் ‘மோர்’ இதுதானா?

பல இடங்களில் ஆம், ஆனால் ஆங்கில எழுத்து ஏமாற்றும். வாட்டர்ஃபோர்ட் மாவட்டத்து லிஸ்மோர் ஐரிஷில் ‘லிஸ் மோர்’, பெரிய கோட்டைவளாகம். ‘லிஸ்’ ஆண்பால். ஆஃபலி மாவட்டத்து டல்லமோர் ‘டுலக் வோர்’, பெரிய குன்று. ‘டுலக்’ பெண்பால், ஆகவே மென்மை. ஆங்கிலத்தில் இரண்டுமே ‘மோர்’ என்று முடிகின்றன; பால் வேறுபாடு அங்கே தொலைந்துவிட்டது. கெரி மாவட்டத்து ராத்மோர், வாட்டர்ஃபோர்ட் கடற்கரையின் ஆர்ட்மோர் இரண்டும் ஐரிஷில் ‘வோர்’தான்.

கெரி மாவட்டத்திலேயே இருக்கும் கென்மேர் இந்தக் கணக்கில் சேராது. அது ‘கியான் மாரா’, கடலின் தலை.

தெருப்பலகைகள் நல்ல பாடம். ‘அன் போஹர் மோர்’ பெரிய சாலை. கால்வே நகரத்தின் போஹர்மோர் அதுதான். ஊருக்கு ஊர் இருக்கும் பிரதான வீதி ‘அன் ட்ராய்ட் வோர்’. அந்தப் பலகையை உற்றுப் பாருங்கள்: ‘ஸ்ராய்ட்’ என்ற சொல்லின் பெரிய எஸ்-க்கு முன்னால் ஒரு சின்ன டி ஒட்டியிருக்கும், கடைசிச் சொல்லில் எம்-மை அடுத்து ஹெச் இருக்கும். பெண்பால் என்பதை இரண்டு இடத்தில் ஒரே பலகை சொல்லிவிடுகிறது.

அரான் தீவுகளில் பெரியதை ‘இனிஷ் மோர்’ என்று பலரும் எழுதுகிறார்கள். ‘இனிஷ்’ (தீவு) பெண்பால். விதிப்படி ‘வோர்’ வந்திருக்க வேண்டும். தீவின் மரபான ஐரிஷ் பெயர் ‘ஆரன்’. விதியோடு ஒத்துப்போகாத அந்தப் பெயரை இலக்கணத்துக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

‘அன் கோர்ட்டா மோர்’ என்பது என்ன?

1845 முதல் 1852 வரை அயர்லாந்தை அழித்த பெரும்பஞ்சம். உருளைக்கிழங்கு நோயில் தொடங்கி, சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். ஏறத்தாழ அதே அளவு மக்கள் நாட்டை விட்டுப் போனார்கள். ஐரிஷ் பேசிய ஏழை மேற்குப் பகுதிகள்தான் அதிகம் அடிபட்டன, மொழியும் அதோடு சேர்ந்து சுருங்கியது.

இலக்கணத்துக்கு வந்தால், ‘கோர்ட்டா’ ஆண்பால், ஆகவே மோர். ‘பெரும்பஞ்சத்தின் போது’ என்று எழுதினால் ‘லெ லின் அன் கோர்ட்டா வோய்ர்’. எழுத்தில் பஞ்சத்தைக் குறிக்கும் சொல்லின் தலையிலும் மோரின் தலையிலும் ஹெச் ஏறும், மோருக்குள் ஐ நுழையும். வரலாற்று நூல்களில் அடிக்கடி கண்ணில் படும் தொடர் என்பதால், ஆறாம் வேற்றுமையை நினைவில் வைக்க இதைவிட நல்ல தொடர் எனக்குத் தெரியவில்லை.

அன்றாடப் பேச்சில் எப்படியெல்லாம் வருகிறது?

‘இஸ் மோர் அன் ட்ரூ’ என்றால் ரொம்பப் பரிதாபம். ‘டா ஷியத் மோர் லெ கேலெ’ என்றால் அவர்கள் இருவரும் நல்ல நெருக்கம். ‘இஸ் மோர் அகம் ஏ’ என்றால் அவர்மேல் எனக்குப் பெரிய மதிப்பு. ‘கொ மோர்’ என்றால் மிகவும். ‘கொ மோர் மோர்’ என்று இரட்டித்தால் முக்கியமாக, குறிப்பாக. வடக்கே அல்ஸ்டரில் தாத்தா ‘ஆஹிர் மோர்’, பாட்டி ‘மாஹிர் வோர்’: பெரிய அப்பா, பெரிய அம்மா. ஆண்பாலும் பெண்பாலும் ஒரே வீட்டில் அடுத்தடுத்து நிற்கும் இந்த ஜோடியைக் குழந்தைகள் விதி தெரியாமலே சரியாகச் சொல்கிறார்கள்.

மோர் ஒரு பெண்பெயராகவும் இருந்தது. இடைக்கால அயர்லாந்தில் பரவலாக வழங்கிய பெயர் அது.

சொல்லுக்கு முன்னால் ஒட்டுமா?

ஒட்டும். கண்டம் ‘மோர்-ரைன்’, இரண்டு ஆர் மோதுவதால் நடுவில் சிறுகோடு. ஊர்வலம் ‘மோர்ஹ்யூல்’. மிகப் பெரிது என்று அழுத்த ‘அன்-வோர்’, அளவுக்கு மீறிப் பெரிது என்றால் ‘ரோவோர்’. ‘மோரான்’ என்றால் நிறைய. அதற்குப் பின் வரும் பெயர் ஆறாம் வேற்றுமை ஏற்கும்.

ஸ்காட்லாந்து கேலிக் வழியாக ஆங்கிலத்துக்குப் போனதும் உண்டு. ஸ்காட்லாந்துப் படைவீரர்களின் ‘கிளேமோர்’ என்பது ‘பெரிய வாள்’. 1058 முதல் 1093 வரை ஸ்காட்லாந்தை ஆண்ட மூன்றாம் மால்கமோடு ஒட்டிக்கொண்ட ‘கான்மோர்’ என்ற பட்டப்பெயர் ‘பெருந்தலை’ அல்லது ‘பெருந்தலைவன்’.

வட்டாரத்துக்கு வட்டாரம் வடிவங்கள் மாறுமா? எதைப் பின்பற்றுவது?

எழுவாயிலும் பன்மையிலும் பெரிய வேறுபாடு இல்லை. முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால்தான் பிரிகிறது: ‘பெரிய மனிதரோடு’ என்பதற்குத் தெற்கிலும் மேற்கிலும் ‘லெஷ் அன் வர் மோர்’, அல்ஸ்டரில் ‘லெஷ் அன் அர் வோர்’. 1958இல் அரசு வெளியிட்ட தரநிலை இலக்கணம் இரண்டுக்குமே இடம் தருகிறது. உங்கள் ஆசிரியரோ நீங்கள் கேட்கும் வானொலியோ எந்த வட்டாரமோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.